கதைக்குள் நுழைந்த அட்டைப்படம்

கதையைப் பார்த்து அட்டை வரைவதுதான் வழக்கம். 1925-இல் நியூயார்க்கின் ஸ்கிரிப்னர்ஸ் வெளியிட்ட ‘தி கிரேட் கேட்ஸ்பி’யில் வரிசை மாறியது. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு நாவலை முடிப்பதற்குள் ஓவியர் ஃபிரான்சிஸ் கூகாட்டின் படம் முந்திக்கொண்டது.

அடர்நீல இரவு, கீழே கேளிக்கை நகரத்தின் விளக்கொளி, மேலே முகமின்றி மிதக்கும் கண்கள், சிவந்த உதடுகள், ஒரு துளிக் கண்ணீர். உற்றுப் பார்த்தால் கருவிழிகளுக்குள் பெண்ணுருவங்கள். கொண்டாட்டமும் துயரமும் ஒரே படத்தில்.

அந்த அட்டையை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், அதை நாவலுக்குள்ளேயே எழுதிவிட்டேன் என்று பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸுக்கு 1924-இல் கடிதம் போட்டார் ஃபிட்ஸ்ஜெரால்டு.

எல்லோரும் மயங்கவில்லை. பகட்டான அந்த மேலுறையைக் கழற்றிவிட்டுத்தான் படித்தார் எழுத்தாளர் ஹெமிங்வே. இன்றோ, மேலுறையோடு கிடைக்கும் முதல் பதிப்புக்குத்தான் ஏலத்தில் பெரும் விலை.