முகமும் நாணமும்: ஓர் இத்தாலியச் சொல்

இத்தாலிய மொழியில் 'ஸ்ஃபச்சாத்தோ' என்றொரு பெயரடை உண்டு. 'வெட்கங்கெட்ட' என்று ஒரே சொல்லில் இதற்குப் பொருள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது போதாது என்பது என் கருத்து.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'ஃபாச்சா' என்றால் முகம். முன்னால் நிற்கும் 'ஸ்' இங்கே இன்மையைக் காட்டுகிறது. 'தெந்தே' என்ற பல் இல்லாதவனை 'ஸ்தெந்தாத்தோ' என்பதும் இப்படித்தான். ஆக, முகம் இல்லாதவன் என்று ஆகிறது. நாணம் தெரிகிற இடம் முகம் அல்லவா? இதே குணத்தைக் கெட்டி முகம், வெண்கல முகம் என்றும் இத்தாலியர் சொல்வார்கள். நாமும் 'எந்த முகத்தோடு வந்தான்?' என்று கேட்கிறோம். முகதாட்சண்யம் பார்த்துக் கடன் கொடுத்த கடைக்காரருக்கு இது நன்றாகவே புரியும்.

மகாகவி தாந்தே (1265-1321) தம் 'தெய்வீக நாடக'த்தின் இரண்டாம் பகுதி, 23ஆம் காண்டத்தில் இச்சொல்லைக் கையாள்கிறார். இறந்துபோன நண்பன் ஃபோரேஸே, தன் மனைவி நெல்லாவைப் போற்றிவிட்டு, மார்பு தெரிய நடமாடும் ஃப்ளாரன்ஸ் நகரப் பெண்களை இச்சொல்லால் கண்டிக்கிறான். அங்கே 'நாணமற்ற' என்று பெயர்ப்பது சரியே.

ஆனால் அப்பட்டமான பொய்க்கும் இதே அடைதான். ஒருவனுக்கு எக்கச்சக்கமாக அடிக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இதேதான். முகத்தில் அகலமாக வெள்ளை படர்ந்த குதிரையையும் இப்படியே சொல்வார்கள். பாவம், குதிரைக்கு ஏது வெட்கம்? வயதுக்கு மீறி வாயாடும் பிள்ளையைச் சொல்லும்போது 'துடுக்கான' என்பதற்கு மேல் போகக்கூடாது. அதில் கொஞ்சம் செல்லமும் உண்டு.

கதையில் வரும் துடுக்குக்காரச் சிறுமியை மொழிபெயர்ப்பாளர் 'வெட்கங்கெட்டவள்' என்று எழுதிவிட்டால், வாசகர் மனத்தில் அவள் நடத்தையே கெட்டுப்போகிறது. பையனுக்கு அதே சொல் குறும்போடு நின்றுவிடும். பெண்ணுக்கு நம் தமிழில் அது பழியாக ஒட்டிக்கொள்ளும். மூல ஆசிரியர் சுமத்தாத பழி அது.

வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, ஆபீசில் ஒரு மொழி என்று வாழ்கிற நாம் தினமும் மொழிபெயர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். யாரை, எந்தத் தொனியில், யார் சொன்னது என்று பார்த்த பிறகே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அகராதி அதற்கு அடுத்தபடிதான்.