திறவாத கதவு

நந்திதா தாஸ் இயக்கி 2008-இல் வெளிவந்த 'ஃபிராக்' என்னும் இந்தித் திரைப்படம், 2002-ஆம் ஆண்டுக் குஜராத் கலவரத்திற்கு ஒரு மாதத்திற்குப் பின் நிகழும் ஒரு நாளைச் சித்திரிக்கிறது. கலவரக் காட்சிகளை இயக்குநர் பெரிதும் தவிர்த்துள்ளார்; எனவே, குற்றத்தை வெறியர்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ள இயலாது.

அபயம் கேட்டு மன்றாடிய இஸ்லாமியப் பெண்ணுக்குக் கதவைத் திறவாத ஆர்த்தி (தீப்தி நவல்), கொதிக்கும் எண்ணெயால் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். அத்தண்டனையால் எவருக்கும் பயனில்லை. தந்தையைத் தேடியலையும் சிறுவன் மொஹ்சினை வீட்டில் ஏற்கும்போதே அவளது மனந்திரும்புதல் தொடங்குகிறது. ஆயினும், அவனை 'மோகன்' என்றழைத்தே காக்கவேண்டியுள்ளது. இரக்கமும் பெயரை மறைக்க வேண்டிய அவலம் அது.

நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும் லேவியனும் எவரையும் அடிக்கவில்லை, விலகியே சென்றனர். செய்யத் தவறியவற்றை ஆராதனைதோறும் அறிக்கையிடும் நாம், எந்தக் கதவை நினைந்து அறிக்கையிடுகிறோம்?