சட்டமும் சனங்களும்: டானியலின் ‘பஞ்சமர்’

கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972 இல் வெளிவந்தது. அதனைப் பிரசாரம் என்று கூறி ஒதுக்குவோர் இன்றும் உளர். யாழ்ப்பாணச் சமுதாயத்தைச் சீர்திருத்துவது யார் என்னும் வினாவுக்கு அந்நாவல் அளிக்கும் விடையே அவர்களை உறுத்துகிறது போலும்.

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியது. அதனைக் கடுமையாக எதிர்த்தோருள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். 1956 இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கித் தமிழரின் உரிமையைப் பறித்த அதே பாராளுமன்றம், மறு ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. மத்திய அரசின் இவ்விரு முகங்களையும் ஒருங்கே காணாதவர் யாழ்ப்பாண அரசியலை விளங்கிக்கொள்ள முடியாது.

1949 இல் தோன்றிய தமிழரசுக் கட்சி எழுப்பிய சமஷ்டிக் கோரிக்கை நியாயமானதே. ஆயினும், கொழும்பிலிருந்து பெறப்படும் அதிகாரம் யாழ்ப்பாணத்தில் எவர் கையிற் சேரும்? நிலமும் கோயிலும் எவர் வசமோ, அவர் கையிலேயே அதுவும் சேருமாயின், அடிநிலை மக்களுக்கு அதனால் விளையும் பயன் யாது?

கொழும்புச் சட்டமும் தானாக ஊருக்குள் வந்துவிடவில்லை. ஏட்டில் உறங்கிய அதனைத் தட்டியெழுப்பியது, 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் வழிவந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களுமேயாகும். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அம்மக்களைத் தடுத்து நின்றோரின் முன்னணியில் இருந்தவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். சட்டம் இயற்றும் சபையில் இருந்தவரே சட்டத்துக்குக் குறுக்கே நின்ற விந்தை அது!

அப்போராட்டங்களில் நேரிற் பங்குகொண்டவர் டானியல். ஆதலின், அவர் படைத்த மக்கள் பிறர் இரக்கத்துக்குக் காத்திருப்போர் அல்லர். தம் விடுதலையைத் தாமே தேடுவோர். அவர்தம் பேச்சுமொழியை இலக்கியத்தின் நடுமுற்றத்துக்குக் கொணர்ந்தமை டானியலின் பெருஞ்சாதனை. குறையும் இல்லாமலில்லை. பாத்திரங்கள் சில வேளைகளில் தனிமனித இயல்பை இழந்து தத்தம் வர்க்கத்தின் பிரதிநிதிகளாகவே நிற்கின்றன. மேல்சாதியினரின் உள்முரண்பாடுகள் இன்னும் ஆழமாகச் சித்திரிக்கப்பட்டிருப்பின், போராட்டத்தின் கடுமையும் மேலும் புலப்பட்டிருக்கும்.

எனினும், அதிகாரப் பகிர்வு இன்றும் தீராத பிரச்சினையாகவே உள்ளது. உரிமை கேட்கும் ஓரினம், தன் ஊரில் உள்ளோருக்கு அவ்வுரிமையை வழங்கியுள்ளதா என்று ‘பஞ்சமர்’ வினவுகிறது. அவ்வினாவை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வது ஆசிரியர், மாணவர் கடன்.