சில்லிசை: கருவியும் கூட்டமும்

ஒரு கலையின் உயர்வு தாழ்வை அதன் கருவியை வைத்து முடிவு கட்டுவது எளிது, ஆனால் முறையாகாது. மூங்கிலில் துளையிட்டால் குழல். பலா மரத்தைக் குடைந்து தோல் போர்த்தால் மிருதங்கம். கருவி எளியது என்பதனால் இசையும் எளியதாகி விடுவதில்லை. இவ்வுண்மையை மறந்தவர்களே, 'சிப்டியூன்' என்று வழங்கும் இசையைச் சிறுவர் விளையாட்டு என ஒதுக்குகின்றனர். பழைய கணினிகளிலும் விளையாட்டுப் பெட்டிகளிலும் அமைந்த ஒலிச் சில்லுகளைக் கொண்டே இயற்றப்படும் இசை அது. தமிழில் அதனைச் சில்லிசை எனலாம்.

இவ்விசை பற்றி ஆராய்வோர் இரு வினாக்களுக்கு விடை காண வேண்டும். இது கலையாகுமா என்பது ஒன்று. கலையாகுமெனின், அதனைப் போற்றும் கூட்டம் ஓர் ஊரில் எவ்வாறு உருவாயிற்று என்பது மற்றொன்று. முன்னதைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பின்னதே நம் கருத்துக்குரியது. ஏனெனில், இயற்றுவோன் ஒருவன் மட்டும் இருந்தால் கலை பிறக்கலாம். அது நிலைபெற வேண்டுமாயின் கேட்போரும், கற்போரும், குறை கூறுவோரும் ஓரிடத்தில் கூட வேண்டும்.

கருவியின் இயல்பு

1982ஆம் ஆண்டில் கமடோர் 64 என்னும் வீட்டுக் கணினி விற்பனைக்கு வந்தது. அதன் 'சிட்' என்னும் ஒலிச் சில்லினை வடிவமைத்தவர் ராபர்ட் யானெஸ். அவர் இசைக் கருவிகளில் நாட்டமுடையவர்; பின்னாளில் என்சோனிக் என்னும் இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவர். ஆகவே அச்சில்லு வெறும் மணியொலி எழுப்பும் பொறியாக அமையாமல், இசைக்கேற்ற கருவியாகவே அமைந்தது. ஆயினும் ஒரே வேளையில் மூன்று குரல்களை மட்டுமே அதனால் ஒலிக்க முடியும்.

1989ஆம் ஆண்டில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'கேம் பாய்' என்னும் கையடக்கப் பெட்டியில் குரல்கள் நான்கு. அவற்றுள் இரண்டு துடிப்பலைகள், ஒன்று, இயற்றுவோன் தானே வரைந்துகொள்ளும் அலை, நான்காவது இரைச்சல். வரைந்துகொள்ளும் அலைக்கும் எல்லை உண்டு: 32 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்கள், அவ்வளவே. ஒலியை இடச்செவிக்கு அனுப்பலாம், வலச்செவிக்கு அனுப்பலாம், இரண்டிற்கும் அனுப்பலாம். இடைப்பட்ட நிலை இல்லை.

இச்சிறு பெட்டியும் அதன் வண்ணத்திரை வடிவும் சேர்ந்து ஏறத்தாழ 11 கோடியே 80 லட்சம் விற்றன. விளையாடி முடித்த பின் அவை இழுப்பறைகளில் உறங்கின. இசைக்கருவி ஒன்று இத்துணை வீடுகளில், இசைக்கருவி என்று அறியப்படாமலேயே கிடந்ததை இசை வரலாற்றில் அரிதாகவே காணலாம்.

உறங்கியவற்றை எழுப்பியன இரு மென்பொருள்கள். ஜெர்மானியரான ஆலிவர் விட்சோ 1998ஆம் ஆண்டில் 'நானோலூப்' என்பதைப் படைத்தார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் சுவீடன் நாட்டவரான யோஹான் கோட்லின்ஸ்கி 'லிட்டில் சவுண்ட் டிஜே' என்பதை உருவாக்கினார். இவ்விரண்டும் விளையாட்டுப் பெட்டியை இசை இயற்றும் பெட்டியாக மாற்றின.

யாப்பும் சில்லும்

தமிழாசிரியர்க்கு இவ்விசையின் அமைப்பை விளக்குவது கடினமன்று. எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர் அடியாகி, அடி பாட்டாவதை நாம் அறிவோம். கோட்லின்ஸ்கியின் மென்பொருளிலும் அத்தகைய படிநிலை உண்டு. பதினாறு படிகள் கொண்டது ஒரு துணுக்கு. துணுக்குகள் கோத்தது ஒரு சங்கிலி. சங்கிலிகளை நான்கு குரல்களுக்கும் பகிர்ந்து அடுக்கினால் ஒரு பாட்டு. இயற்றுவோன் சுரங்களை வாத்தியத்தில் மீட்டுவதில்லை. எண்களாலும் எழுத்துகளாலும் ஆன கட்டங்களை நிரப்புகிறான்.

கட்டுப்பாடு கற்பனையை எவ்வாறு தூண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். மேலையிசையில் பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் அடுக்கு இன்றியமையாதது. மூன்றே குரல்கள் உள்ள சில்லில் அடுக்குக்கே மூன்றையும் கொடுத்துவிட்டால், பாட்டின் போக்குக்கும் தாளத்துக்கும் குரலே இல்லாமற் போகும். இதற்கு அக்காலத்து இயற்றுநர்கள் கண்ட வழி வியக்கத்தக்கது. அடுக்கின் சுரங்களை ஒரே குரலில் ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு 50 முறை மாற்றி ஒலிக்கச் செய்தனர். செவி அவற்றைத் தனித்தனியே பிரித்தறிய இயலாமல், நடுங்கும் ஒரே அடுக்காகக் கேட்கிறது. பற்றாக்குறையால் பிறந்த இந்நடுக்கம் பின்னர் அவ்விசைக்கே உரிய அணியாயிற்று. ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே முதலியோர் 1980களில் விளையாட்டுகளுக்கு இயற்றிய பாட்டுகளில் இத்தகைய நுட்பங்கள் பலவற்றைக் காணலாம்.

ஆனால் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். தளை தட்டாத செய்யுளெல்லாம் கவிதை ஆகிவிடுவதில்லை. அவ்வாறே நான்கு குரலில் அடங்கியது என்பதனாலேயே ஒரு பாட்டு நல்ல பாட்டாகி விடாது. 'இச்சிறு பெட்டியிலிருந்து இத்தனையும் வருகிறதே' என்னும் வியப்பு முதல் நாள் எழும்; மறுநாள் எழாது. மறுநாளும் கேட்கச் செய்வது எதுவோ அதுவே இசை. சில்லிசைக்காகப் பரிந்து பேசுவோர் பலர் இவ்வேறுபாட்டைக் கருதாமல், கட்டுப்பாட்டையே தகுதியாகக் கூறிவிடுகின்றனர்.

சிதறி நின்ற நாட்டம்

ஐரோப்பாவில் 1980களிலேயே கணினி இளைஞர்கள் படமும் இசையும் கலந்த சிறு நிகழ்ச்சிகளை இயற்றிப் போட்டியிட்டனர். 'டெமோசீன்' என்னும் அவ்வியக்கத்தினர் ஓரிடத்தில் கூடித் தம் படைப்புகளைக் காட்டி, வாக்களித்துப் பரிசு பெற்றனர். பின்லாந்தில் 'அசெம்பிளி' என்னும் கூட்டம் 1992ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. பின்லாந்து 2020ஆம் ஆண்டில் இவ்வியக்கத்தைத் தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மனி 2021ஆம் ஆண்டில் சேர்த்தது. பழைய சிட் சில்லின் பாட்டுகளைத் திரட்டும் ஆர்வலர்கள் 50,000க்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்துக் காத்துள்ளனர். ஏடு தேடித் தொகுத்தோரின் அருமையை அறிந்த நாம் இப்பணியின் அருமையையும் உணரலாம்.

எனினும் தொகுப்பு வேறு, கூட்டம் வேறு. இணையத்தின் வழியே பாட்டுகள் நாடு கடந்து பரவின. கேட்டவர்களோ தத்தம் அறைகளில் தனித்திருந்தனர். இந்நிலையில் பிறர் வந்து பெயர் சூட்டுவது எளிதாயிற்று. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் மேலாளராக விளங்கிய மால்கம் மக்லாரன் 2003ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதி, இதனைப் 'பங்க்' இசையின் புதுப் பிறவி போல அறிமுகப்படுத்தினார். இயக்கத்தினர் இதனை ஏற்கவில்லை; திறந்த மடல் வாயிலாக மறுத்தனர். புகழ்ந்தவரையே மறுத்தது நன்றியின்மை எனத் தோன்றலாம். ஆனால் தன் வரலாற்றைத் தானே சொல்லத் தெரியாத கலைக்குப் பிறர் சொல்வதே வரலாறாகி விடும். மறுத்தது முறையே.

நியூயார்க் கண்ட வழி

சிதறி நின்ற இந்நாட்டத்துக்கு ஊரும் அரங்கமும் கொடுத்த இடங்களுள் நியூயார்க் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 1999ஆம் ஆண்டில் ஜெரமையா ஜான்சன், மைக் ஹான்லன் ஆகிய இருவர் '8பிட்பீப்பிள்ஸ்' என்னும் வெளியீட்டகத்தைத் தொடங்கினர். அது பாட்டுகளை இணையத்தில் விலையின்றி வழங்கியது. மன்ஹாட்டனில் 2003ஆம் ஆண்டில் தோன்றிய 'தி டேங்க்' என்னும் இலாப நோக்கற்ற சிற்றரங்கம் இவர்களுக்கு இடமளித்தது. இவ்விரு சாராரும் சேர்ந்து 2006ஆம் ஆண்டில் 'பிளிப் விழா'வை நடத்தினர். பல நாட்டுக் கலைஞர்கள் ஒரே மேடையில் தோன்றினர். விழாவோடு பயிற்சி வகுப்புகளும் நடந்தன. அவ்விழாவை அடிப்படையாகக் கொண்ட 'ரீஃபார்மட் தி பிளானெட்' என்னும் ஆவணப் படம் 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் அப்பெயரிலேயே டென்மார்க், ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் விழா எடுக்கப்பட்டது.

விழாவை எல்லாரும் பேசுவர். விழாவினும் சிறந்தது ஒன்றுண்டு. அது 'பல்ஸ்வேவ்' என்னும் மாதக் கூட்டம். விழா ஆண்டுக்கொரு முறை வந்து கண்ணைப் பறித்துச் செல்லும். மாதக் கூட்டமோ அடுத்த மாதமும் வரும் என்னும் நம்பிக்கையைத் தரும். சென்ற மாதம் கேட்டவன் இம்மாதம் கருவியைத் தொட்டுப் பார்ப்பான். அடுத்த சில மாதங்களில் தானும் ஒன்று இயற்றிக் கொண்டு வருவான். கேட்பவனுக்கும் இயற்றுபவனுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதே ஊர்க் கூட்டத்தின் தலையாய பணி.

அவர்கள் கண்ட வழியைத் தொகுத்து நோக்கின் நான்கு கூறுகள் புலப்படும். கருவி எளியோர்க்கும் எட்டுவதாக இருந்தது. படைப்பு விலையின்றிக் கிடைத்தது. இலாபம் கருதாத ஓரிடம் நிலையாக அமைந்தது. கற்பிப்போர் தாம் அறிந்ததை மறைக்கவில்லை. இந்நான்கில் ஒன்று குறைந்திருப்பினும் கூட்டம் நிலைத்திராது என்பது என் கருத்து.

குறைகள் சில

நிறைகளை மட்டும் கூறுவது திறனாய்வாகாது. இக்கூட்டத்தின் குறைகள் மூன்றனைச் சுட்ட வேண்டும்.

முதலாவது, மேடை பற்றியது. கையடக்கப் பெட்டியில் பாட்டு முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது. மேடையில் கலைஞன் செய்வது துணுக்குகளை வேண்டியவாறு தொடங்குவதும் நிறுத்துவதும் மாற்றியடுக்குவதுமே. அவன் உண்மையில் வாசிக்கிறானா, பொத்தானை அழுத்திவிட்டு ஆடுகிறானா என்பது கேட்போர்க்குத் தெரிவதில்லை. இக்குறையை மறைக்கவோ நிறைக்கவோ பின்னே ஒளிப்படங்கள் ஓடுகின்றன. கச்சேரியில் பாடகர் நிரவல் செய்யும்போது, அவர் எதைத் தேடுகிறார் என்பதை அவையோர் உடன் தேடுகின்றனர். அத்தகைய உடன்தேடல் இங்கு அரிது. அதனை உண்டாக்கும் கலைஞரே இத்துறையில் பெருங்கலைஞர் ஆவர்.

இரண்டாவது, பழைய நினைவு பற்றியது. இளமையில் விளையாடிய பெட்டியின் ஒலியைக் கேட்டு மகிழ்பவன் இசையைக் கேட்கிறானா, தன் இளமையைக் கேட்கிறானா? நினைவு ஒருவனை வாயில்வரை அழைத்து வரலாம். உள்ளே அமர்த்துவது இசையாகவே இருத்தல் வேண்டும். கேம் பாய் உற்பத்தி 2003ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. அப்பெட்டியோடு வளராத தலைமுறை இன்று கருவியைக் கையில் எடுக்கிறது. அவர்களுக்கு இவ்வொலி பழமையன்று. பல ஒலிகளுள் ஓர் ஒலி. அவர்களும் விரும்பிக் கேட்கும் பாட்டுகளே எஞ்சும்.

மூன்றாவது, தூய்மை பற்றியது. சில்லின் ஒலி தவிரப் பிறிதொன்று கலத்தலாகாது என்போர் ஒருசாரார். நியூயார்க்கில் தோன்றிய அனமனகுச்சி என்னும் குழுவினர் சில்லொலியோடு கிதாரும் முரசும் சேர்த்தனர். 2010ஆம் ஆண்டில் ஸ்காட் பில்கிரிம் விளையாட்டுக்கு இசையமைத்துப் புகழும் பெற்றனர். கலப்பினால் கேட்போர் பெருகினர். ஆனால் கிதாரின் முழக்கத்தில் சில்லின் தனிக்குரல் மறைந்தால் அது வெறும் ஒப்பனையாகிவிடும். ஆகவே கலப்பு ஆகுமா ஆகாதா என்று பொதுவில் வழக்காடுவது வீண். எந்தப் பாட்டில் சில்லின் குரல் இன்றியமையாததாக நிற்கிறது என்று பாட்டுப் பாட்டாக ஆராய்வதே நெறி.

இம்மூன்று குறைகளுக்கும் அடிப்படை ஒன்றே. சிறு கூட்டத்தில் அனைவரும் நண்பர். நண்பரின் பாட்டை நண்பர் குறை கூறார். கைத்தட்டல் மிகுதியாகவும் கண்டனம் குறைவாகவும் உள்ள இடத்தில் அன்பு வளரும், கலை வளராது. பரிவோடு குறை கூறும் ஒருவரை மதித்து இருக்கச் செய்யும் கூட்டமே நெடுநாள் வாழும்.

முடிவு

2012ஆம் ஆண்டோடு நியூயார்க்கில் பிளிப் விழா நின்றுவிட்டது. இதனைத் தோல்வி என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. விழா நின்ற பின்னும் இயற்றுவோர் நிற்கவில்லையென்றால், விழா தன் கடமையைச் செய்து முடித்தது என்பதே பொருள். விழா நின்றவுடன் எல்லாம் நின்றுவிடும் கூட்டம், முதலிலிருந்தே கூட்டமன்று; திரண்டு கலைந்த கும்பல்.

தமிழாசிரியர்களும் இலக்கிய மன்றத்தாரும் இதனைத் தம் பணியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். ஆண்டு விழாவுக்கு மாலையும் மேடையும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்கிறோம். மாதந்தோறும் பத்துப்பேர் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, திருத்தம் கூறும் அறை நம் ஊரில் உண்டா? மாணவன் கேட்டதோடு நில்லாமல், அடுத்த கூட்டத்துக்குத் தானும் ஒரு வெண்பா எழுதிக் கொண்டுவர இடமுண்டா? நான்கே குரல் கொண்ட விளையாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு பெருநகர் ஒன்றில் சில இளைஞர்கள் அத்தகைய அறையை அமைத்தனர். நம்மிடம் இருப்பது ஈராயிரம் ஆண்டு மரபுடைய மொழி. குறைவது கருவியன்று, திங்கள்தோறும் தவறாமல் கதவைத் திறந்து வைக்கும் ஒருவரே.