ஒன்பதுகள் புரளும் நூறு மீட்டர்

பழைய ஸ்கூட்டர் மீட்டரில் ஊசிக்குக் கீழே, சின்ன ஜன்னலுக்குள் வரிசையாக நிற்கும் எண்களைப் பார்த்திருப்பீர்கள். என் கண் எப்போதும் அங்கேதான் போகும். முன்சக்கரத்திலிருந்து ஏறிவரும் கேபிள் ஒன்றுதான். மேலே அதற்கு இரண்டு வேலை. வேகத்துக்கு ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. ஊசியைத் தாங்கும் அலுமினியக் கிண்ணத்தை அந்தக் காந்தம் தொடுவதே கிடையாது, தொடாமலே இழுக்கிறது. தூரத்துக்கு அந்த ஜாலம் செல்லாது. பல்லும் பல்லும் கடித்துத்தான் கணக்கு.

வலது ஓரத்தில் வேறு நிறத்தில் இருக்கிற எண் நூறு மீட்டருக்கு ஒன்று ஏறும். வண்டி ஓடும்வரை அது நகர்ந்துகொண்டே இருக்கும். மற்றவை அசையா. எண்கள் பொறித்த ஒவ்வோர் உருளையின் ஒரு பக்க விளிம்பிலும் ஒரே இடத்தில்தான் இரண்டு பற்கள். மிச்சமெல்லாம் மழமழவென்று வழித்துவிட்ட வட்டம். ஒன்பது சுழியமாகும்போது மட்டும் அந்தப் பற்கள் இடையிலுள்ள குட்டிப் பல்சக்கரத்தைப் பிடித்து, பக்கத்து உருளையை ஓர் எண் தள்ளிவிட்டு விலகும். அடுத்த முறை வரும்வரை அந்த வழுவழுப்பே பூட்டு. குண்டுகுழியில் எவ்வளவு குலுங்கினாலும் எண் பிசகாது.

9999.9 வரும்போது பாருங்கள். ஐந்து ஒன்பதுகளும் ஒன்றாகப் புரளும். அதுவும் படக்கென்று இல்லை. நூறு மீட்டர் முழுக்க மெல்ல மெல்ல. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் பன்னிரண்டு விநாடி அந்தக் காட்சி!

இந்த யுக்தி பழசு. ரோமானியர் விட்ருவியஸ் எழுதிவைத்த வண்டியில், வண்டிச் சக்கரத்தோடு சுற்றும் ஒற்றைப் பல், 400 பல் சக்கரத்தைச் சுற்றுக்கு ஒரு பல்லாக நகர்த்தும். வண்டிச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் 12½ அடி. 400 சுற்றுக்கு 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். உடனே ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் 'ணங்'கென்று விழும். சீனர்களின் வண்டியில் ஒவ்வொரு லீ தூரத்துக்கும் மரப்பொம்மை முரசடிக்கும், பத்து லீக்கு ஒருமுறை மணி ஒலிக்கும். அந்த மணியில் இருப்பதும் நம் ஸ்கூட்டர் உருளையின் கணக்கே: பத்துக்கு ஒன்று.

இன்றைய திரைகளில் எண் சட்டென்று மாறிவிடுகிறது. உருளை மீட்டர் உள்ள வண்டி இன்னும் வீட்டில் இருந்தால், ஒன்பதுகள் சேரும் நாளில் பின்சீட்டில் உட்கார்ந்து எட்டிப் பாருங்கள்.