காரணம் அறியப்படாத நோயும் காரணம் தேடிய விஞ்ஞானங்களும்: ஒரு விமர்சன நோக்கு

இலங்கையின் வட மத்திய மாகாணத்திலே, சென்ற நூற்றாண்டின் தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து, நெற்செய்கையை வாழ்வாகக் கொண்ட குடும்பங்களில் ஒரு சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படலாயிற்று. நோயுற்றவர்களுக்கு நீரிழிவு இருக்கவில்லை. நீண்டகால உயர் குருதியமுக்கமும் இருக்கவில்லை. நோய் முற்றியோருட் பெரும்பாலானோர் உழைக்கும் வயதிலுள்ள ஆண்கள். முற்றும்வரை இந்நோய் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. மருத்துவமனையை நாடும்போது சிறுநீரகங்கள் சுருங்கிவிட்டிருக்கும். மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய, கிராந்துருக்கோட்டை முதலிய இடங்களின் பெயர்கள் உலக மருத்துவச் சஞ்சிகைகளில் இவ்வாறுதான் ஏறின. வவுனியா மாவட்டத்துக் கமக்காரரும் இதற்கு விலக்காகவில்லை. 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்பது இதற்கு இடப்பட்ட பெயர். அறியாமையே பெயராக அமைந்த நோய் இது.

இந்நோயைப் பற்றி மருத்துவர், இரசாயனவியலாளர், புவிச்சரிதவியலாளர், விவசாய விஞ்ஞானிகள், மானிடவியலாளர், பொறியியலாளர் எனப் பல துறையினரும் எழுதியுள்ளனர். இயற்கை விஞ்ஞானம், சமூக விஞ்ஞானம், பிரயோக விஞ்ஞானம் ஆகிய மூன்றும் ஒரே கிணற்றைச் சுற்றி நின்ற சந்தர்ப்பம் இந்நாட்டில் வேறொன்று இருப்பது அரிது. கலைப்பீடத்தார் இவற்றை வாசிப்பது அத்துமீறல் என்று சிலர் கருதக்கூடும். ஆய்வுக் கட்டுரையும் ஒரு பிரதியே. அது எதைக் கேட்கிறது, எதைக் கேளாது விடுகிறது, தன் சான்றுக்கு மேலே எவ்வளவு தூரம் தாவுகிறது என்பன எந்தப் பிரதியிடமும் கேட்கத்தக்க வினாக்களே.

இவ்வாய்வுகளில் முதலிற் கண்ணிற்படுவது 'ஒரே நஞ்சு' என்னும் எதிர்பார்ப்பாகும். 2008இல் பண்டார முதலியோர் வெளியிட்ட கட்டுரை, குளத்து நீர், அரிசி, திலாப்பியா மீன் ஆகியவற்றினூடாக உடலிற் சேரும் கட்மியத்தைக் குற்றவாளியாகக் காட்டியது. பொசுபேற்றுப் பசளையோடு வந்து குளங்களிற் படிந்தது இக்கட்மியம் என்பது விளக்கம். இதன் பின்னணியில் யப்பானின் முன்னுதாரணம் ஒன்று உண்டு. தொயாமா மாநிலத்தின் ஜின்சு ஆற்றங்கரையில், மேலே இருந்த கமியோக்காச் சுரங்கத்தின் கழிவிலிருந்து வந்த கட்மியம் வயலுக்குட் பாய்ந்து, 'இத்தாய்-இத்தாய்' எனப்பட்ட நோயை உண்டாக்கிற்று. யப்பானிய அரசு 1968இல் அதனை ஏற்றுக்கொண்டது. அங்கு எலும்புகள் மென்மையுற்று முறிந்தன. பாதிக்கப்பட்டோருட் பெரும்பாலானோர் வயது முதிர்ந்த பெண்கள். வட மத்திய மாகாணத்திலோ மேலே சுரங்கமும் இல்லை. எலும்பு முறியும் நோயாளரும் முதன்மையாகப் பேசப்படவில்லை. பின்னர் செய்யப்பட்ட நீராய்வுகள் பலவும் 2008இற் கூறப்பட்ட உயர்ந்த அளவுகளைக் காணவில்லை. ஆயினும் கட்மியம் என்ற சொல் மக்கள் பேச்சில் நிலைத்துவிட்டது.

2011இல் மேலும் இரு விளக்கங்கள் வந்தன. பேராதனையைச் சார்ந்த சந்திரஜித், திசாநாயக்க முதலியோர், நிலத்தடி நீரிலுள்ள புளோரைட்டையும் அதனோடு சேர்ந்திருக்கும் சோடியம், கல்சியம் ஆகியவற்றின் விகிதத்தையும் சுட்டினர். ஒரு பொருளை மட்டும் பழிக்காது பொருள்களுக்கிடையிலான உறவை நோக்கியமையால், அக்காலத்து எழுத்துகளில் இது தனித்து நிற்கின்றது. களனியைச் சார்ந்த குழுவொன்று ஆசனிக்கைச் சுட்டியது. அத்தகவல் தெய்வ வாக்காகக் கிடைத்தது என்று அவ்வணியின் மூத்த பேராசிரியர் ஒருவர் வெளிப்படையாகக் கூறியமை பெரும் பரபரப்பாயிற்று. நகைத்தவர் பலர். ஆனால் அந்நகைப்பு இடம் தவறியது எனலாம். பென்சீன் வளையத்தின் அமைப்பைத் தம் வாலைத் தாமே கவ்விய பாம்புக் கனவிற் கண்டதாக கெகுலே கூறினார்; அதற்காக இரசாயனவியலார் வளையத்தைக் கைவிடவில்லை. கருதுகோள் எங்கிருந்தும் வரலாம். அது எவ்வாறு சோதிக்கப்பட்டது, அச்சோதனையைப் பிறர் திரும்பச் செய்தபோது என்ன கிடைத்தது என்ற வினாக்களே அன்று உரக்கக் கேட்கப்பட்டிருக்க வேண்டியவை.

உலக சுகாதார தாபனத்தின் துணையுடன் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, அளவிலும் செல்வாக்கிலும் ஏனையவற்றிலும் பெரியது. அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் அது நடைபெற்றது. நோயாளரின் சிறுநீரிற் சராசரிக் கட்மியம், ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 1.039 மைக்கிரோகிராம், அதே பிரதேசத்து நோயற்றோரில் 0.646, வேறு பிரதேசத்தாரில் 0.345. வேறுபாடு உண்மையானதே. ஆனால், யப்பானிய நோயாளரிற் காணப்பட்டவற்றோடு ஒப்பிடுமிடத்து இவை மிகத் தாழ்ந்த அளவுகள். மேலும், பழுதுற்ற சிறுநீரகம் எதனை எவ்வளவு வெளியேற்றும் என்பதே மாறிவிடக்கூடியது. ஆகவே விளைவைக் காரணமாக எண்ணிவிடும் அபாயம் இங்கு உண்டு.

அதே ஆய்வில் இதனிலும் கவனிக்கத்தக்க ஒரு முரண் உள்ளது. வயது நியமப்படுத்திய நோய்வீதம் ஆண்களில் 12.9 வீதம், பெண்களில் 16.9 வீதம். கமக்கார ஆண்களின் நோய் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நோய், கணக்கெடுத்தபோது பெண்களிலே கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் முற்றிய நிலைகளுக்கு வரும்போது படம் தலைகீழாகின்றது: மூன்றாம் நிலையில் ஆண்கள் 23.2 வீதம், பெண்கள் 7.4 வீதம், நான்காம் நிலையில் 22.0, 7.3. இம்முரணுக்கு இரு வாசிப்புகள் உண்டு. பெண்களுக்கு நோய் வருகிறது, ஆனால் முற்றுவதில்லை என்பது ஒன்று. நோயை அளந்த கோலே பிழையானது என்பது மற்றையது.

இரண்டாவது வாசிப்பே வலுவானதாகத் தோன்றுகின்றது. அவ்வாய்வு நோயாளரைத் தேர்ந்தது சிறுநீரில் அல்புமின் கசிவைக் கொண்டு. அல்புமின் பெருமளவு கசிவது, இரத்தத்தை வடிக்கும் நுண்குழலிமுடிச்சுகள் பழுதுறும்போதாகும். ஆனால் 2012இல் நாணயக்கார முதலியோர் நோயாளரின் சிறுநீரக இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கி, முதற்கண் பாதிக்கப்படுவன சிறுகுழாய்களும் அவற்றைச் சூழ்ந்த இடையிழையமுமே எனக் காட்டியிருந்தனர். அத்தகைய நோயில் அல்புமின் கசிவு தொடக்கத்திற் சொற்பம். எனவே இவ்வரிதட்டு, வேறு காரணங்களால் அல்புமின் கசிந்தவர்களை உள்ளே விட்டிருக்கலாம். உண்மை நோயாளர் சிலரை வெளியே தள்ளியும் இருக்கலாம். நீரிழிவும் குருதியமுக்கமும் உள்ளோரை நீக்கிவிட்டு எஞ்சியோரைக் கணக்கிடும் வரைவிலக்கணத்திலும் இடர் உண்டு. குருதியமுக்கம் சிறுநீரக நோயின் காரணமாவதைப் போலவே அதன் விளைவாகவும் அமையும் என்பது மருத்துவ மாணவன் முதலாண்டுகளிலேயே அறிவது. 2017இலிருந்து பல நாடுகளிலும் ஒரே முறையில், குருதிக் கிரியற்றினினைக் கொண்டு கணக்கெடுக்கும் திட்டமொன்று கையாளப்படுவது இக்குறையை உணர்ந்ததன் பயனாகும்.

2014ஆம் ஆண்டுக் கட்டுரையே இவ்வரலாற்றின் திருப்பம். ஜயசுமன, குணத்திலக, சேனாநாயக்க ஆகிய மூவரும் எழுதிய அக்கட்டுரை, களைநாசினியான கிளைபோசேற்று, கடினநீரிலுள்ள உலோகங்களுடன் பிணைந்து சிதையாது நிலைத்து, ஆசனிக் போன்றவற்றைச் சிறுநீரகத்துக்குக் காவிச் செல்கிறது என்று வாதித்தது. நோயின் புவியியற் பரம்பல், காலம், தொழில் ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சிற் கட்ட முயன்றமை அதன் சிறப்பு. ஆனால் புதிய அளவீடு எதுவும் அதில் இல்லை. அது கருதுகோளை முன்வைத்த கட்டுரை. அவ்வாறே அது தன்னை அறிமுகப்படுத்தியது. தலைப்பும் வினாக்குறியுடன் முடிந்தது. மேடைகளுக்கு வந்தபோது அவ்வினாக்குறி உதிர்ந்துபோயிற்று.

2015இல் கிளைபோசேற்று நாடு முழுவதிலும் தடைசெய்யப்பட்டது. இங்கு ஒரு தருக்கப் பிசகைச் சுட்டாதிருக்க முடியாது. கருதுகோள் உண்மையென்றே கொண்டாலும், நஞ்சு செயற்படக் கடினநீர் வேண்டும். மலையகத் தேயிலைத் தோட்டங்களின் நீர் மென்னீர். தடைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கட்டுரையின் தருக்கப்படியே தடை அங்கு வேண்டப்படவில்லை. எனினும் அங்கும் பாய்ந்தது. களை பெருகிற்று; அதனை அகற்றும் சுமை தோட்டத் தொழிலாளரின் கைகளுக்குத் திரும்பியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்பட்டது. மறுபுறம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நீர் மிகக் கடினமானது. தோட்டச் செய்கையில் இரசாயன உள்ளீடும் அங்கு நெடுங்காலமாக அதிகம். ஆயின் நோய் அவ்வளவிற்கு அங்கு காணப்படவில்லை. இவ்வேறுபாடு கருதுகோளைப் பொய்ப்பித்துவிட்டது என்பதற்கில்லை. அதற்கு விடையிறுக்கும் கடப்பாடு கருதுகோளுக்கு உண்டு. 2021இல் இரசாயனப் பசளையும் பீடைநாசினிகளும் இறக்குமதி செய்யப்படுவது ஒட்டுமொத்தமாகத் தடுக்கப்பட்டபோது கூறப்பட்ட நியாயங்களுள் சிறுநீரக நோயும் ஒன்று. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டதாயினும், அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நோயிலிருந்து காக்கப்பட வேண்டியவன் என்று பெயர் சொல்லப்பட்ட அதே கமக்காரனே அவ்விழப்பைச் சுமந்தான்.

இதற்காக விவசாய இரசாயனங்களை நிரபராதிகள் என்று தீர்த்துவிடுவதும் அவசரமே. 2020இல் வெளியான இழைய ஆய்வொன்று, இலங்கை, எல் சல்வடோர் முதலிய நாடுகளின் நோயாளரது குழாய்க் கலங்களில் ஒரே வகையான சிதைவைக் கண்டு, இது நஞ்சினால் விளைவதையே ஒத்திருக்கிறது என்றது. இம்முடிபும் மறுக்கப்படாமல் இல்லை. எல் சல்வடோரிலும் நிக்கராகுவாவிலும் கரும்பு வெட்டும் தொழிலாளரில் இதையொத்த நோய் 2002இலிருந்து பதிவாகியுள்ளது. அங்கு முதன்மை பெற்ற விளக்கம், கடும் வெப்பத்தில் ஓய்வின்றி உழைத்து உடல்நீர் வற்றுதல். நீர், ஓய்வு, நிழல் என்பன தொழிலாளருக்கு ஒழுங்காகக் கொடுக்கப்பட்ட இடங்களில் சடுதியான சிறுநீரகப் பாதிப்பு குறைந்தமை பதிவாகியுள்ளது. இலங்கையில் இவ்விளக்கம் தாமதித்தே கவனம் பெற்றது. நீரில் நஞ்சைத் தேடிய கண்களுக்கு, வேலையில் நஞ்சு இருக்கக்கூடும் என்பது எளிதிற் புலப்படவில்லை போலும்.

போல்கன் நாடுகளின் கதை இங்கு நினைக்கத்தக்கது. தன்யூப் ஆற்றின் கிளையாறுகளை அண்டிய கிராமங்களில் 1950களில் விவரிக்கப்பட்ட சிறுநீரக நோய்க்குப் பார உலோகங்கள், வைரசுகள், பூஞ்சண நஞ்சு எனப் பலவும் காரணங்களாகக் கூறப்பட்டன. கோதுமை வயலில் முளைக்கும் ஒரு களையின் விதை மாவிற் கலப்பதே காரணமாகலாம் என்று இவிச் என்பார் 1969இலேயே எழுதினார், பெரிதாகக் கேட்பாரில்லை. 1993இல் பிரசெல்சில், உடல் மெலிவதற்காக மூலிகை மருந்துண்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதுற்றமை வெளியாகி, அம்மருந்தில் இருந்ததும் அக்களையின் இனமே எனத் தெரிந்தபோதுதான் பழைய குறிப்பு உயிர்பெற்றது. 2007இல் அரிசுதொலோக்கிக் அமிலத்தின் தடயம் நோயாளரின் இழையத்திலேயே காட்டப்பட்டது. அரை நூற்றாண்டு. அங்கும் இறுதியிற் கிடைத்தது ஒரே நஞ்சுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை; ஒரே காரணத்தைத் தேடுவது எப்போதும் பேதைமையன்று. ஆயின் அதனைக் காட்டியது அயற்பொருளின் தடயத்தை உடலுள்ளேயே கண்ட சான்று, நீர்மாதிரிகளின் அட்டவணையன்று.

சமூக விஞ்ஞானத்தாரின் பங்கு சிறிது. அசோகா பண்டாரகே 2013இல் எழுதிய கட்டுரை, நோயைப் பசுமைப் புரட்சியின் அரசியற் பொருளாதாரத்துள் வைத்து நோக்கிற்று. நோக்கு விரிந்தது. ஆனால் நோயின் காரணம் விவசாய இரசாயனமே என்பதை ஏறக்குறையத் தீர்ந்த விடயமாக எடுத்துக்கொண்டமை அதன் பலவீனம். அடித்தளம் அசைந்தால் மேற்கட்டும் அசையும். நாரி சேனாநாயக்கவின் பின்னைய எழுத்துகள் வேறு வழியிற் சென்றன. காரணம் எது என்று தீர்க்க முற்படாது, காரணம் தெரியாமலே கிராமத்தவர் எவ்வாறு வாழ்கின்றனர், தூய நீர் தேடும் உழைப்பு வீட்டில் எவர் தலையில் விழுகின்றது என்பவற்றை அவை விசாரித்தன. இத்துறையிற் சமூக விஞ்ஞானம் தனக்கே உரிய வினாவைக் கண்டது இங்குதான்.

பிரயோக விஞ்ஞானமோ காத்திருக்கவில்லை. மறுதலைப் பிரசாரணத்தால் நீரை வடிக்கும் நிலையங்கள், கடற்படையின் உழைப்பும் சேர்ந்து, கிராமந்தோறும் எழுந்தன. செய்யத்தக்க காரியம், குறைகூற இடமில்லை. ஆனால் இம்முறை புளோரைட்டு, கல்சியம், உலோகம், களைநாசினி யாவற்றையும் ஒருங்கே பிரித்துவிடுகின்றது. நாளை நோய் குறைந்தாலும் எது நீங்கியதால் குறைந்தது என்று சொல்ல வழியிராது. வடித்த நீர் வீட்டுக் குடத்தில் இருக்கின்றது; கமக்காரன் நண்பகலில் நிற்பது வயலில். அங்கு அவன் எந்த நீரை, எவ்வளவு, எத்தனை மணிக்கொருமுறை பருகுகின்றான் என்பது நீரைப் பழிப்போருக்கும் வெப்பத்தைப் பழிப்போருக்கும் ஒருங்கே வேண்டிய தரவு. அத்தரவைத் திரட்ட விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு போகம் முழுவதும் வரம்பில் இருந்து பார்க்க ஒருவர் வேண்டும்.