எலியின் சாட்சியம் உழவருக்குச் செல்லுமா?

ஸ்ரீமுஷ்ணத்து உழவர் ஒருவர் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் புற்றுநோய்க்காகச் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மருந்து புற்றணுக்களை அழிக்கும். கூடவே சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். தாக்கியதா என்பதை அறிய இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பது வழக்கம். ஆனால் சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறத்தாழப் பாதி குறைந்த பிறகே அந்த அளவு தெளிவாக உயரும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்த கதைதான்.

முன்கூட்டியே அறிய வழி உண்டு என்கிறது வளர்சிதைப் பொருள் ஆய்வு. இரத்தத்திலும் சிறுநீரிலும் கலந்துள்ள சிறு மூலக்கூறுகளை நூற்றுக்கணக்கில் ஒரே தடவையில் அளப்பது இம்முறை. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜெரமி நிக்கல்சனும் அவர் குழுவினரும் 1999-இல் இதற்கு ‘மெட்டபொனாமிக்ஸ்’ என்று பெயரிட்டனர். சிஸ்பிளாட்டின் பெற்ற எலிகளின் சிறுநீரில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மிகுந்து காணப்பட்டன. அவற்றை மீண்டும் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய சிறுநீரக நுண்குழல்கள் பழுதுபட்டதே காரணம். பழுது நேர்ந்ததை மட்டுமன்றி, நேர்ந்த இடத்தையும் இம்முறை சுட்டுகிறது. இது பாராட்டத்தக்க சிறப்பு.

ஆனால் இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஆய்வகத்து எலிகள் ஓரினத்தவை. தின்பது ஒரே தீனி. மனிதர் அப்படியா? எலிகளில் சிறுநீரகத்தின் உட்பகுதி சிதைந்தபோது டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்னும் பொருள் சிறுநீரில் மிகுந்தது. கடல்மீன் உண்டாலும் அதே பொருள் மிகும்! நம் உழவர் முந்தின நாள் கடலூர் மீனைக் குழம்பு வைத்து உண்டிருந்தால், கருவி சொல்வது சிறுநீரகத்தின் சேதியா, குழம்பின் சேதியா?

இன்னொரு குறை கணக்கில் இருக்கிறது. 400 பொருள்களை அளக்கிறோம். ஒவ்வொன்றும் தற்செயலாகத் தவறான சாட்சி சொல்ல இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு என்று கொள்ளுங்கள். 20 பொருள்கள் காரணமின்றியே குற்றவாளிகளாகத் தோன்றும். சில பத்து நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வுகளை ஐயத்துடன் படிக்க வேண்டியது இதனாலேயே.

அப்படியானால் முறையே பயனற்றதா? இல்லை. 5-ஃபுளோரோயுராசில் என்னும் மருந்தைப் பாருங்கள். இதைச் சிதைக்கும் நொதியே நம் உடலில் இயல்பாக உள்ள யுராசிலையும் சிதைக்கிறது. நொதி குறைந்தவருக்கு இரத்தத்தில் யுராசில் தேங்கும். அவருக்கு வழக்கமான அளவு மருந்தே உயிருக்கு உலை வைக்கலாம். ஆகவே மருந்து தொடங்குமுன் யுராசிலை அளப்பதைப் பிரான்சு நாடு கட்டாயமாக்கியது. 2020-இல் ஐரோப்பிய மருந்து முகமையும் இந்நொதிக் குறைவைச் சோதிக்குமாறு பரிந்துரைத்தது. ஒரே பொருள், ஆனால் காரணம் தெளிவாகத் தெரிந்த பொருள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவை இங்கு நினைவுகூர்வது தகும். 1925-இல் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரசை அளக்கும் முறையை அவர் வெளியிட்டார். பின்னர் அவர் தலைமையேற்ற லெடர்லி ஆய்வகத்திலிருந்தே மெத்தோட்ரெக்சேட் என்னும் புற்றுநோய் மருந்தும் வந்தது. அளக்கத் தெரிந்தவர் மருந்தும் தந்தார்.

ஆயிரம் கோடுகள் நிறைந்த வரைபடம் கண்ணைக் கவரும். அதைக் காணும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எந்தக் கோடு எந்தக் காரணத்தால் உயர்ந்தது? நம்மைப் போல் சோறும் மீனும் உண்பவரிடம் அது சோதிக்கப்பட்டதா? விடை கிடைக்கும்வரை, எலியின் சாட்சியத்தை மட்டும் நம்பி உழவரின் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.